கனவு இல்லம், இரண்டு வருடத் தவணை

இலங்கை மலைநாட்டின் பண்டாரவளையில் ஓய்வுபெற்ற வெளிநாட்டவர்கள் நான்கு பேர் தேநீருக்குக் கூடினால் முதல் பேச்சு குரங்கைப் பற்றித்தான். ஓடு பிரிக்கிற குரங்கு, கொய்யாவை ஒரு கடி கடித்துவிட்டு எறிகிற குரங்கு, வெடி கொளுத்தினாலும் அசையாத குரங்கு. அடுத்து மின்வெட்டு. அதற்கடுத்து முச்சக்கர வண்டிக்காரர் கேட்ட கூலி. இரண்டாவது கோப்பை வரும்போதுதான் உண்மையான கவலைகள் மேசைக்கு வரும்: விசா புதுப்பிப்பு எப்போது, இந்த மாதம் ஓய்வூதியம் எவ்வளவு வந்து சேர்ந்தது, இதய நோய் நிபுணர் எந்த ஊரில் இருக்கிறார், நான் போனபின் இந்த வீடு யாருக்கு.

கீழே தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். வெளிநாட்டுக் காசு, சமையலுக்கு ஓர் ஆள், தோட்டத்துக்கு ஓர் ஆள், வாசலில் நின்றால் மலைத்தொடர். இதற்குமேல் என்ன கவலை? பழக்கதோஷத்தில் 'துரை' என்றே இன்னும் கூப்பிடுகிறோம். ஆனால் பழைய துரைமாருக்கும் இவர்களுக்கும் நிலைமை வேறு. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகும்வரை இருந்த வெள்ளைக்காரத் துரைமாருக்குப் பின்னால் ஒரு கம்பனி நின்றது. வயதானதும் கம்பனியே கப்பலேற்றி அனுப்பிவிடும். போக மறுத்தவர்கள் அபூர்வம். லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் அந்த அபூர்வங்களில் ஒருவர். 1852இல் பதின்ம வயதில் ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவர், 1892இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டபோதும் தோட்டத்தை விட்டு இறங்கவில்லை. அதே வருடம் வயிற்றுக்கடுப்பில் இறந்து, கண்டி மஹய்யாவ மயானத்தில் அடக்கமானார். இன்று வருகிறவர்களுக்குக் கப்பலேற்றிவிடக் கம்பனியும் இல்லை, பிடிவாதமாக இருந்துவிடவும் வழியில்லை. இருப்பதற்கான அனுமதியைத் தாங்களே தவணை தவணையாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்த அனுமதிக்கு 'மை ட்ரீம் ஹோம்' விசா என்று பெயர். 55 வயதைக் கடந்த வெளிநாட்டவருக்கானது. இலங்கை வங்கியொன்றில் 15,000 அமெரிக்க டொலரை நிலையான வைப்பாக வைக்க வேண்டும். அதற்கும் மேலாக, விண்ணப்பதாரர் மாதம் 1,500 டொலரும், உடன் வாழும் துணைக்காக இன்னொரு 750 டொலரும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். டொலர் 300 ரூபா என்று வைத்தால் தம்பதியருக்கு மாதம் 675,000 ரூபா. இத்தனையும் செய்தால் கிடைப்பது இரண்டு வருட அனுமதி. பிறகு புதுப்பிக்க வேண்டும். 2022இல் அரசு 'கோல்டன் பரடைஸ்' என்று இன்னொன்றை அறிவித்தது. அதற்கு 100,000 டொலர் வைப்பு, பத்து வருட அனுமதி. இரண்டிலுமே எத்தனை வருடம் இருந்தாலும் பிரஜாவுரிமைக்கான படிக்கட்டு எதுவும் கிடையாது.

புதுப்பிப்புக் கோப்பு ஒன்றைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். நீலப் பிளாஸ்டிக் உறை. மேலே வங்கி முகாமையாளரின் கடிதம், அதன்கீழ் கடவுச்சீட்டுப் பக்கங்களின் பிரதிகள், அதன்கீழ் மாத வரிசைப்படி கோத்த பண வரவுச் சீட்டுகள். ஒரு மாதச் சீட்டில் மட்டும் 1,480 டொலர் என்றிருந்தது. அனுப்பியது 1,500தான்; நடுவில் இருந்த வங்கி 20 டொலரைக் கட்டணமாகக் கழித்துக்கொண்டது. அந்தச் சீட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. பின்னால் ஒரு விளக்கக் கடிதம். அடுத்த மாதத்திலிருந்து எல்லாச் சீட்டிலும் தொகை 1,550. நாற்பது வருடம் பாடசாலையில் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஒருவர், இருபது டொலருக்காகப் பத்தரமுல்லையில் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து செய்த வேலை அது. பத்தரமுல்லையில்தான் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தலைமையகம். மலையிலிருந்து இறங்கினால் ஒருநாள் போய்விடும்.

அந்த 1,500 டொலர் யாருக்கு இலகுவானது? இங்கேதான் ஓய்வூதியக் கணக்கு வருகிறது. இவர்களுடைய விவாதங்களில் மிகச் சூடானதும் அதுதான்.

பிரித்தானிய அரச ஓய்வூதியத்தை உலகில் எங்கிருந்தும் பெறலாம். ஆனால் அந்தத் தொகை வருடாவருடம் உயர்வது குறிப்பிட்ட சில நாடுகளில் வசிப்பவர்களுக்கு மட்டும். ஐரோப்பிய நாடுகள், அமெரிக்கா, பிலிப்பைன்ஸ், ஜமைக்கா போன்றவை அந்தப் பட்டியலில் உண்டு. இலங்கை இல்லை. இந்தியாவும் இல்லை, கனடாவும் இல்லை, அவுஸ்திரேலியாவும் இல்லை. பட்டியலில் இல்லாத நாட்டுக்குக் குடிபோனால், போன அன்று என்ன தொகையோ அதுவே கடைசிவரை. 2010இல் ஓய்வுபெற்று நுவரெலியாவுக்கு வந்த ஒருவருக்கு அன்றைய முழு அடிப்படை ஓய்வூதியம் வாரத்துக்கு 97.65 பவுண். அவருடன் ஒரே அலுவலகத்தில் வேலைசெய்து, அதே சந்தாவைக் கட்டி, பேர்மிங்ஹாமிலேயே தங்கிவிட்டவருக்கு 2025 ஏப்ரலில் அது 176.45 பவுண் ஆகிவிட்டது. நுவரெலியாக்காரருக்கு அதே 97.65. ஊருக்கு விடுமுறையில் போனால் அங்கிருக்கும் வாரங்களுக்கு மட்டும் உயர்ந்த தொகை கிடைக்கும். திரும்பி வந்தால் மறுபடி பழைய இடம்.

97.65 பவுண் என்பது மாதம் சுமார் 423 பவுண். விசாவுக்கு வேண்டிய 1,500 டொலரில் பாதியைக்கூட அது எட்டாது. சரி, புதிய முறையில் ஓய்வுபெறுகிறவருக்காவது போதுமா என்று பார்த்தால், 2025-26இல் முழுத் தொகை வாரம் 230.25 பவுண். மாதக் கணக்கில் ஆயிரம் பவுணுக்குக் கொஞ்சம் குறைவு. ஏறக்குறைய 1,300 டொலர். அதுவும் போதவில்லை. ஆக, வெறும் அரச ஓய்வூதியத்தை நம்பி எந்தப் பிரித்தானியரும் இந்த விசாவில் வர முடியாது. கம்பனி ஓய்வூதியமோ, ஊரில் வாடகைக்கு விட்ட வீடோ, விற்ற வீட்டின் காசோ கையில் இருக்க வேண்டும். நாம் மலையில் பார்க்கிற 'வசதியான வெள்ளைக்காரர்' இந்தச் சல்லடையில் தங்கியவர். மற்றவர்கள் வரவேயில்லை, அல்லது சுற்றுலா விசாவை நீட்டி நீட்டிக் காலம் தள்ளுகிறார்கள்.

மற்ற நாட்டுக்காரர்களுக்கு வேறு விதமான முடிச்சுகள். அவுஸ்திரேலிய முதியோர் ஓய்வூதியம், நாட்டைவிட்டு 26 வாரம் தாண்டினால், உழைக்கும் வயதில் அங்கே எத்தனை வருடம் வசித்தீர்கள் என்று கணக்குப் பார்க்கும். 35 வருடத்துக்குக் குறைந்தால் அந்த விகிதத்தில் தொகையும் குறையும். கனடாவின் முதியோர் பாதுகாப்புத் தொகையை ஆறு மாதத்துக்குமேல் வெளிநாட்டில் பெற வேண்டுமானால் 18 வயதுக்குப்பின் அங்கே 20 வருடம் வாழ்ந்திருக்க வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்கான மேலதிகத் தொகை எப்படியும் ஆறு மாதத்தில் நின்றுவிடும். இவை வெள்ளைக்காரர்களின் பிரச்சினை மட்டுமல்ல. ஹட்டனிலும் பதுளையிலும் பிறந்து, டொரண்டோவிலும் மெல்பேர்னிலும் வேலைசெய்து, கடைசிக் காலத்தில் குளிர்ந்த ஊரில் ஒரு வீடு என்று திரும்பி வருகிற நம்மவர்களுக்கும் இதே கணக்குத்தான். நாற்பது வயதில் குடியேறியவருக்கு 35 வருடம் எங்கே நிறையப் போகிறது?

2022 இந்தக் கணக்குகளையெல்லாம் தலைகீழாக்கியது. மார்ச் தொடக்கத்தில் டொலர் சுமார் 200 ரூபா. மே மாதத்தில் 360ஐத் தாண்டிவிட்டது. காகிதத்தில் பார்த்தால் வெளிநாட்டு ஓய்வூதியக்காரரின் வருமானம் இரண்டே மாதத்தில் முக்கால் பங்கு கூடிவிட்டது. அந்நாட்களில் ஊர்ச் சனங்கள் இவர்களைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் 12.5 கிலோ சமையல் எரிவாயு 2,675 ரூபாவிலிருந்து ஏப்ரலில் 4,860 ஆனது, அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு. மருந்துக் கடைகளில் இரத்த அழுத்த மாத்திரை இல்லை. பணம் இருந்தும் வாங்கப் பொருள் இல்லை என்ற நிலையை அவர்களில் பலர் வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்த்தார்கள். நமக்கு அது 1970களின் பாண் வரிசையின் தொடர்ச்சி.

அப்போது தொடங்கிய ஒரு வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை: கையிலுள்ள டொலரை ரூபாவாக மாற்றியிருக்க வேண்டுமா? 2022 ஏப்ரலில் மத்திய வங்கி வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அந்த வருடமே, அரசு குறுகிய காலக் கடனுக்கு விற்கிற திறைசேரி உண்டியல்களின் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியது. துணிந்து மாற்றியவர்கள் சம்பாதித்தார்கள், ஏனென்றால் ரூபா அதற்குமேல் விழவில்லை. ஆனால் செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்ட நாட்டில், எழுபது வயதில், கடைசிச் சேமிப்பை உள்ளூர்ப் பணத்தில் வைக்காமல் இருந்தவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வராது. இப்போது வட்டி இறங்கிவிட்டது. வட்டி மீதான பிடித்துவைத்தல் வரி 2025 ஏப்ரலில் 5 சதவீதத்திலிருந்து 10 ஆகிவிட்டது. வென்றவர்களும் அந்தக் கதையைப் பழம்பெருமையாகத்தான் சொல்கிறார்கள்.

காணி விடயத்துக்கு வருவோம். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் இலங்கையில் காணி வாங்க முடியாது. 2013 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து நடைமுறைக்கு வந்ததாக அந்தச் சட்டம் கொள்ளப்படுகிறது. மாடிக் குடியிருப்புக்கு நிபந்தனையோடு விலக்கு உண்டு. காணியென்றால் 99 வருடம் வரை குத்தகைக்கு எடுக்கலாம். கொழும்பில் மாடிக் குடியிருப்பு சரி. ஹப்புத்தளையில் அதற்கு எங்கே போவது? எனவே மலைநாட்டில் குத்தகைதான். அதிலும் ஆசைப்படுகிறது தோட்டத்துப் பழைய பங்களாவுக்கு. அங்கே ஒரு பொறி இருக்கிறது. 1992க்குப்பின் பிராந்தியத் தோட்டக் கம்பனிகளுக்கு அரசு காணியைக் கொடுத்ததே குத்தகைக்குத்தான். அந்தக் குத்தகை 2045இல் முடிகிறது. தன் கையில் இருபது வருடம் மட்டுமே உள்ளவர் இன்னொருவருக்குத் தொண்ணூற்றொன்பது கொடுக்க முடியாது. இன்னும் சிலர் காரோட்டியின் பெயரிலோ நண்பரின் பெயரிலோ காணி உறுதிப் பத்திரம் எழுதிவிட்டு, இருதரப்பும் கைகுலுக்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். உறுதியில் யார் பெயரோ அவருக்குத்தான் காணி. அவர் இறந்தால் அவருடைய பிள்ளைகளுக்கு. நொத்தாரிசு இதைச் சொல்லாமலும் இல்லை, கேட்கிறவர்தான் இல்லை.

இந்தச் சட்டம் அநியாயம் என்று அவர்கள் குமுறும்போது எனக்கு அனுதாபம் குறைவாகத்தான் வருகிறது. இருநூறு வருடமாக இந்த மலையில் உழைத்த குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஏழு பேர்ச் நிலத்துக்குக்கூட உறுதி இல்லை. தோட்டத்தில் ஒருவராவது பெயர் பதிந்து வேலைசெய்தால்தான் லயத்து அறை நிலைக்கும் என்ற பயத்தோடுதான் வாழ்கிறார்கள். அந்த மலையில் வந்து இரண்டு வருடமான ஒருவருக்கு முழு உரித்து வேண்டுமென்றால் வரிசையில் அவர் எங்கே நிற்கிறார் என்று கேட்கத் தோன்றும். இருந்தாலும் அவர்களுடைய கோபத்தில் ஒரு நியாயம் உண்டு: வீட்டைத் திருத்த அவர்கள் கொட்டுகிற காசு திரும்பி வராது என்பதை விளம்பரப் புத்தகங்கள் எதுவும் எழுதுவதில்லை.

திரும்பி வருகிற நம்மவர்களுக்கு இங்கே ஒரு வாசல் திறந்திருக்கிறது. இரட்டைப் பிரஜாவுரிமை பெற்றவரை அந்தச் சட்டம் தடுக்காது. 55 வயதைக் கடந்திருப்பதே இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கும் தகுதிகளில் ஒன்று. ஆனால் முன்பு இலங்கைப் பிரஜையாக இருந்திருக்க வேண்டும். மலையகத் தமிழருக்கு இந்த 'முன்பு' என்பது சாதாரணச் சொல் அல்ல. 1948இன் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்து, 1964 இந்திய - இலங்கை ஒப்பந்தத்தின்கீழ் இரண்டு நாடுகளுக்கிடையில் பங்குபோடப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு, எந்த வருடத்தில் எந்தக் காகிதம் கிடைத்தது என்பதே ஒரு வழக்கு. 2003ஆம் ஆண்டின் சட்டம் மிஞ்சியிருந்தோரின் நிலையைச் சரிசெய்தது. அதற்கு முன்பே வெளிநாடு போனவர் பழைய பெட்டிகளைக் கிளற வேண்டியிருக்கிறது.

உடம்பைப் பற்றிய பேச்சு எழுபதுக்குப்பின் எல்லாவற்றையும் ஓரந்தள்ளிவிடும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர். வந்த புதிதில் அந்தக் குளிர்தான் கவர்ச்சி. ஐந்தாறு வருடத்தில் அதே ஈரம் மூட்டுக்குள் இறங்குகிறது, அலுமாரியில் பூஞ்சணம் பிடிக்கிறது. அதனால்தான் ஒரு சிலர் பண்டாரவளைக்கும் இன்னும் சிலர் கண்டிக்கும் படிப்படியாக இறங்கி வருகிறார்கள். கண்டியில் தேசிய வைத்தியசாலையும் தனியார் வைத்தியசாலைகளும் உண்டு, பக்கத்தில் பேராதனை. பெரிய சத்திர சிகிச்சை என்றால் பலர் கொழும்பையே நாடுகிறார்கள். கண்டியிலிருந்து சுமார் 115 கிலோமீற்றர். மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. மத்திய அதிவேகப் பாதையில் மீரிகம - குருநாகல் துண்டு 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. கண்டிக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. 1990 என்ற எண்ணை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும், அது நாட்டின் நல்ல காரியங்களில் ஒன்று. ஆனால் அது எஸ்டேட் பாதையின் கடைசி வளைவுவரை ஏறி வருவதற்குப் பிடிக்கும் நேரத்தை எந்தக் காப்புறுதியும் ஈடுசெய்யாது. வயது ஏற ஏறக் காப்புறுதிச் சந்தாவும் ஏறும். ஏற்கெனவே இருந்த நோய்க்கு அது கைவிரிக்கும்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயல் இன்னொரு கேள்வியையும் எழுப்பிவிட்டது. நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவுகள் வீடுகளை வாரிக்கொண்டு போயின, பாதைகள் அறுந்தன, மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் சேதமானது. காட்சிக்காகச் சரிவின் விளிம்பில் வீடு எடுப்பது வெளிநாட்டவரின் பழக்கம். தோட்டத்துச் சனங்களுக்கு விளிம்பு என்பது வேறு இடம் தராததால் கிடைத்தது. 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் புதைந்தது அப்படிப்பட்ட லயன் வரிசைகள். அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு பெற வேண்டும். ஏற்கெனவே கட்டிய பங்களாவைக் குத்தகைக்கு எடுக்கிறவர் அந்தக் கடிதத்தைக் கேட்டுப் பார்ப்பது அபூர்வம். இனியாவது கேட்பார்கள்.

இத்தனைக்கும் நடுவில், கூட்டங்களில் அதிக நேரம் ஓடுவது இரட்டை விலைக்கும் சம்பளத்துக்கும்தான். பூங்காவில் வெளிநாட்டவருக்குத் தனி டிக்கெட் என்ற முறைப்பாட்டை நான் பொருட்படுத்துவதில்லை. 1,500 டொலர் மாதம் கொண்டுவருகிறவர் அதைத் தாங்குவார். சம்பளப் பேச்சு அப்படியல்ல. தோட்டத்தில் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவுக்கும் 2024இல் 1,350 ரூபாவுக்கும் உயர்ந்தது, அதுவும் வருடக்கணக்கில் இழுபட்டு. பங்களாவில் சமைக்கவோ முதியவரைக் குளிப்பாட்டவோ போகிற பெண்ணுக்கு அதைவிடக் கூடக் கொடுத்தால், 'நீங்கள் ஊர் விலையைக் கெடுக்கிறீர்கள்' என்று பழைய ஓய்வாளர் புதியவரைக் கடிந்துகொள்கிறார். கூடக் கொடுப்பதுதான் மனிதத்தன்மை என்று மற்றவர் வாதாடுகிறார். இருவருமே கையில் கொடுக்கிற காசை மட்டும் பார்க்கிறார்கள்.

தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கு ஊழியர் சேமலாப நிதியில் அவள் பங்கு 8 சதவீதம், தோட்டத்தின் பங்கு 12 சதவீதம் சேர்கிறது. ஊழியர் நம்பிக்கை நிதியில் தோட்டம் இன்னும் 3 சதவீதம் போடுகிறது. ஐந்து வருடம் வேலைசெய்தால் பணிக்கொடை. பெயரைத் தோட்டத்திலிருந்து எடுத்துவிட்டுப் பங்களாவுக்குப் போகிற அன்று இதெல்லாம் நின்றுவிடுகிறது. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் வீட்டுப் பணியாளரையும் வீட்டுக் காரோட்டியையும் வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறது. பத்து வருடம் ஒரு முதியவரைத் தூக்கி எடுத்துப் பார்த்துக்கொண்டவளுக்கு, அவர் மகன் லண்டனிலிருந்து வந்து அவரை அழைத்துக்கொண்டு போகும் நாளில் சட்டப்படி வரவேண்டியது ஒன்றுமில்லை. ஒரு மாதச் சம்பளமும் நல்ல சான்றுக் கடிதமும் கொடுத்தால் அது அவர்களுடைய பெருந்தன்மை.

சிலர் இதை விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பதியர், வேலைக்குச் சேர்ந்த மாதமே அந்தப் பெண்ணின் பெயரில் வங்கிக் கணக்கு திறந்து, சம்பளத்துக்கு மேல் அதன் ஐந்திலொரு பங்கை மாதாமாதம் போட்டுவருகிறார்கள். புத்தகம் அவள் கையில் இருக்கிறது. அதை மற்ற ஓய்வாளர்களிடம் சொன்னபோது எழுந்த முதல் கேள்வி, 'அவள் இடையில் விட்டுப் போய்விட்டால்?' என்பதாம். போனால் எடுத்துக்கொண்டு போகட்டும், அது அவளுடைய காசு என்று அந்த அம்மா பதில் சொல்லியிருக்கிறார்.